மடுவத்துச் சூடு

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

பசறையைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள் பனி ஏறிக்கொண்டது. நடத்துனர் கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார். லுணுகலைப் பாதையில் எனக்கு எப்போதும் தூக்கம் வரும். இன்று வரவில்லை. மடியில் மீட்டர் பை, அதன்மேல் என் இரண்டு கைகள்.

போன வாரம் பாக்கியலெட்சுமி அக்கா போனில் கேட்டது இது: "சுபா, பதுளையில புள்ளைங்களுக்குக் கரண்டு படிச்சுக் குடுக்கிற. பொறந்த தோட்டத்துக்கு வந்து ஒரு தரம் அளந்து சொல்ல மாட்டியா?" பகலெல்லாம் கொழுந்து பறிக்கிறவர், மாலையில் எங்கள் ஊத்துமலை மேற்பிரிவின் மின்சாரச் சங்கத் தலைவி. அவரிடம் மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வெளிச்சம் ஓடையிலிருந்து வருகிறது. அரசாங்கத்துக் கம்பம் எட்டாத காலத்தில் ஆட்களே வாய்க்கால் வெட்டி, கீழே ஒரு சின்ன டர்பைனை வைத்தார்கள். யாரும் பாவிக்காமல் மிஞ்சும் மின்சாரத்தை எங்கேயாவது விட்டாக வேண்டும். அதற்காகப் பவர்ஹவுஸுக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி, அதற்குள் ஹீட்டர். தொட்டித் தண்ணீர் எப்போதும் சுடச்சுட இருக்கும். மலையிலிருந்து இறங்கும் பெண்கள் அங்கேதான் குளிப்பார்கள்.

அந்த மிச்ச மின்சாரத்தை இப்போது விஜேந்திரன் கேட்டிருக்கிறார். கொரியாவில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம் சும்மா கிடந்தது. அதில் மூன்று மெஷின்களை வைத்திருக்கிறார், இணையத்தில் காசு தோண்டுகிற கணினிகள். சங்கம் சரி என்றிருக்கிறது. ஆனால் லயத்து வெளிச்சத்தில் கை வைக்கவில்லை என்று மாதாமாதம் ஒருவர் அளந்து சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான்.

மடுவத்துக் கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. ஒன்றும் தெரியவில்லை. சூடும் இரைச்சலும் மட்டும். கோடிக்கணக்கான தேனீக்கள் ஒரே பூவைச் சுற்றுவதுபோல. கண்ணாடியைத் துடைத்தபோது எதிரே விஜேந்திரன் பனியன் மட்டும் போட்டு நின்றுகொண்டிருந்தார். வாசலில் நான், இரண்டு ஸ்வெட்டரோடு.

"செருப்போட வாங்க டீச்சர். பரவாயில்ல."

கிளாம்ப் மீட்டரின் வாயைத் திறந்து வயரைச் சுற்றி மூடினேன். வெட்டாமல், தொடாமல், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான். அவருடைய போன் காட்டியதைவிட என் மீட்டர் கொஞ்சம் கூடவே காட்டியது.

"போன் பொய் சொல்லுதா டீச்சர்?"

"பொய் இல்ல. மூளைக்குப் போறத மட்டும் சொல்லுது. காத்தாடி, வயரு எல்லாம் அதுல சேத்தி இல்ல."

"நம்ம ஆளுங்க மாதிரித்தான். சோத்துச் செலவ மட்டும் சொல்லுவாங்க, வெத்தல பாக்குச் செலவ சொல்ல மாட்டாங்க."

சிரித்துவிட்டேன். அளக்கப் போன இடத்தில் சிரிப்பது நல்லதா?

தண்ணீர் நிறைய வருகிறது, மிச்சமும் நிறைய. மூன்று மெஷின்கள் தின்ற பிறகும் தொட்டி சுடுகிறது. அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

பெப்ரவரி 12

வகுப்பில் பாடம் நடத்தும்போதும் காதுக்குள் அந்த இரைச்சல். போர்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு நின்றேனாம். பிள்ளைகள் சொன்னார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டாம் முறை. அளப்பதற்கு அரைமணி போதும். மாலை பஸ் வரைக்கும் மடுவத்திலேயே இருந்துவிட்டேன்.

"இது என்னதான் செய்யுது?" என்று கேட்டேன். படித்திருக்கிறேன்தான். அவர் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"ஊகிக்குது டீச்சர். ஒரு நம்பர. உலகம் பூரா இருக்கிற மெஷினுங்க எல்லாம் அதே நம்பரத்தான் தேடுதுங்க. முதல்ல கண்டுபிடிக்கிறவனுக்குக் கூலி. கண்டுபிடிச்சதும் அடுத்த நம்பர்."

"தப்பா ஊகிச்சதெல்லாம்?"

"தூக்கிப் போட்டுரும். நாளெல்லாம் தூக்கிப் போடுறதுதான் வேல."

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உச்சிக் காட்டில் பனி இலையில் தங்குகிறது. இலையிலிருந்து சொட்டுகிறது. ஓடையாகி, வாய்க்காலாகி, குழாயில் விழுந்து டர்பைனைச் சுற்றுகிறது. கம்பியில் ஏறி மறுபடி மலைக்கு வருகிறது. வந்து, ஒரு பழைய மடுவத்துக்குள் தப்பான எண்களாகிறது. யாருக்கும் வேண்டாத எண்கள். ஒரு காட்டின் பனி முழுவதும்.

மிஞ்சுவது சூடு மட்டும். அதையும் அவரிடம் சொல்லியிருந்தேன். உள்ளே போகிற மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது, இம்மியும் குறையாது என்று.

"அப்ப நான் கொழும்பில இருந்து லொறி புடிச்சு ஏத்திட்டு வந்தது மூணு ஹீட்டரா?"

"ஹீட்டர்தான். கொஞ்சம் கனவு காணுற ஹீட்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காத்தாடியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைக்கப் போய்விட்டார்.

மார்ச் 13

கனவு. கொழுந்துக் கூடை நிறைய எண்கள். நிறுக்கிற தராசில் கொட்டினால் ஒன்றுமே நிறை காட்டவில்லை. நான் பயப்படவில்லை. கூடை வெதுவெதுப்பாக இருந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்புக்குத் தோட்டத்துக்கு வந்து தங்கச்சி கலாராணியோடு தங்கியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இருந்த அதே லயத்துக் காம்பரா, ஒரே ஒரு அறை. இப்போது அது அவளுக்கும் அவள் புருஷனுக்கும். அவர் கொழும்பில் கடையில் நிற்கிறார், பண்டிகைக்குக் கூட லீவு இல்லை. கலாவுக்கு ஐந்து மாதம் முடிகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். உள்ளே ஏதோ ஒரு மீன் திரும்பியது.

மாலையில் மடுவத்துப் பக்கம் நடந்தோம். விஜேந்திரன் வாசலில் பலகாரத் தட்டோடு நின்றார். கொரியாவில் மீன் உறைய வைக்கிற தொழிற்சாலையில் நாலு வருஷம். "பனிக்கட்டி அறையில நின்னு நின்னு எலும்புக்குள்ள குளிரு போயிருச்சு. இங்க வந்தும் போகல. இந்த மெஷின ஓட விட்ட பொறகுதான் ராவுல தூங்குறேன்" என்றார். கலா என் முழங்கையில் கிள்ளினாள்.

திரும்பும்போது அவள் சொன்னது: "அக்கா, நீ மீட்டர பாக்கிற மாதிரி தெரியலயே."

"வாய மூடிட்டு நட."

அவர் என்னை டீச்சர் என்கிறார். அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? அண்ணன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் கூப்பிடுவதே இல்லை. "இந்தாங்க", "கொஞ்சம் பாருங்க", அவ்வளவுதான்.

மே 12

அளந்தேன். எல்லாம் சரி. தேயிலைமேல் வெயில் படுத்திருந்தது. எழுத ஒன்றும் இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பஸ் ஜன்னலை மூடியும் தூசி. ஓடையில் கற்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.

பவர்ஹவுஸ் வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டார். "தொட்டியில கைய விட்டுப் பாரு. பச்சத்தண்ணி. அட்ட கடிச்ச காலோட வந்து இதுல எப்பிடிக் குளிக்கிறது? லயத்துல பல்பு மஞ்சக் கரு மாதிரி எரியுது. புள்ளைங்க படிக்குதுகளா, தூங்குதுகளா?"

அளந்தேன். திரும்பவும் அளந்தேன். சந்தேகமே இல்லை.

தண்ணீர் குறைந்தால் வோல்டேஜ் விழுகிறது. வோல்டேஜ் விழுந்தால் பல்பு அடங்கிப்போகும், கிடைத்ததை வைத்துக்கொள்ளும். மெஷின் அடங்காது. தனக்கு வேண்டியதை எடுத்தே தீரும். வோல்டேஜ் குறையக் குறையக் கரண்டைக் கூட்டி இழுக்கும். அது இழுப்பதால் வோல்டேஜ் இன்னும் விழும். லயம் முழுவதும் விட்டுக்கொடுக்க, மடுவம் மட்டும் ஒரு துளி விட்டுக்கொடுக்கவில்லை. என் மீட்டரில் அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"வாய்க்கா கான்ல தண்ணி கொறஞ்சதுக்கு நான் என்ன டீச்சர் செய்ய? மழ பெய்யாததுக்கும் என்னையத்தான் சொல்லுவீங்களா?"

"தண்ணி கொறஞ்சா எல்லாரும் கொறைக்கணும். உங்க மெஷின் கொறைக்க மாட்டேங்குது. அத மட்டும்தான் சொல்றேன்."

"நீங்க மீட்டர பாக்கிறீங்க. நான் நாலு வருஷம் அந்த..." நிறுத்திவிட்டார். கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி? நான் அளக்கப் போனவள்.

ஜூன் 10

சங்கம் கூடியதாம். ஒரு மெஷினை இன்றோடு நிறுத்த வேண்டும். மற்ற இரண்டையும் லயத்தில் விளக்குப் போடும் நேரத்துக்கு முன் நிறுத்தி, எல்லோரும் படுத்த பிறகுதான் போட வேண்டும். ஜூலை முடியும் வரை பார்ப்பார்களாம். விஜேந்திரன் தலையை ஆட்டினாராம். கலா போனில் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

பொய். கேட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பதுளை ஆஸ்பத்திரி. கலாவுக்கு நேற்று பெண் குழந்தை. நாள் முந்திக்கொண்டது. அவ்வளவு சின்னது. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாய் ஒரு கொழுந்து மாதிரி. பெட்டியின் பக்கத்தில் ஒரு எண் எரிகிறது, உள்ளே இருக்கும் சூட்டின் அளவு. என் வாழ்க்கையில் எந்த எண்ணையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஜூலை 29

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கலா தோட்டத்துக்குத்தான் போவேன் என்கிறாள். என் போர்டிங் அறையில் இரண்டு பேர் திரும்ப முடியாது, உண்மைதான். டொக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: குளிர விடக் கூடாது. நெஞ்சோடு தோலோடு அணைத்தே வைத்திருக்க வேண்டும். பாதம் சில்லென்றால் உடனே கொண்டுவர வேண்டும்.

லயத்துக் காம்பராவின் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே என் கை போகும். அந்த வழியாகக் காற்று வரும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

லுணுகலை ஆஸ்பத்திரி வராந்தா. காலை வெயில். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. பின்னேரம் தோட்டத்துக்கு வந்தேன். காற்று ஒரே ஊளை. வாய்க்கால் வாயில், தண்ணீர் தேங்கும் இடத்தில், சருகு அடைத்துக்கொண்டதென்று விஜேந்திரன் அதை வாரப் போயிருந்தார். அங்கேயே வெகுநேரம் ஆகிவிட்டது. லயத்தில் விளக்குப் போடும் நேரத்துக்கு மெஷினை நிறுத்த ஆள் இல்லை. எல்லாக் காம்பராவிலும் பல்பு. தண்ணீரோ சொட்டுச் சொட்டாக. வோல்டேஜ் விழ, மெஷின் இழுக்க, டர்பைன் பக்கத்தில் எல்லாம் ஒரேயடியாக நின்றது. மலை முழுக்க இருட்டு.

அந்த இருட்டில் கலா கத்தினாள். "அக்கா, காலத் தொட்டுப் பாரு. காலத் தொட்டுப் பாருக்கா!"

தொட்டேன். ஓடைக் கல்லைத் தொட்டது மாதிரி. பிள்ளை அழவில்லை. அழுதால் நன்றாயிருக்கும். உதடு ஒரு மாதிரி நிறம். கலா நெஞ்சோடு அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவளே நடுங்கினாள். பாவி, அவள் உடம்பிலேயே சூடு இல்லை. லுணுகலையில் வேன் வைத்திருக்கிற ஹாஷிம் நானாவுக்குப் போன் போட்டோம். அவர் உடனே கிளம்பிவிட்டார். ஆனால் பாதி வழியில் காற்றுக்கு மரம் விழுந்து கிடக்கிறதென்று திரும்பக் கூப்பிட்டார். வெட்டி எடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். எவ்வளவு நேரம்? அது அவருக்கும் தெரியவில்லை.

விஜேந்திரன் இடுப்புவரை நனைந்து ஓடிவந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே நின்று, "மடுவத்துக்குத் தூக்கிட்டு வாங்க. அங்க சுவரெல்லாம் இன்னும் சுடுது" என்றார்.

பாக்கியக்கா அவரைப் பார்த்த பார்வை! அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "உன் மெஷினாலதான்டா இந்தப் புள்ள..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்தி, தன் தலைத்துணியை அவிழ்த்துக் கலாவின் தோளில் போர்த்தினார். "நட புள்ள" என்றார்.

மடுவத்தில் உண்மையிலேயே சூடு இருந்தது. பல மாதம் சூடேறிய சுவர். ஆனால் மெஷின் நின்றுவிட்டதே, இது எவ்வளவு நேரம் தாங்கும்? அப்போது எனக்கு விளங்கியது. ஓடையில் இருக்கிற தண்ணீர் லயத்துக்குப் போதாது. ஒரு மெஷினுக்குப் போதும்.

"அக்கா, லயத்து லைன அப்பிடியே நிப்பாட்டணும். ஒரு பல்பு கூட எரியக் கூடாது. எல்லாத்தையும் இங்க விடணும்."

அக்கா யோசிக்கவே இல்லை. இருட்டில் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவர் குரல் போனது: "யாரும் கரண்டு கேக்காதீங்க! கலா புள்ளைக்கு வேணும்!" ஒரு காம்பராவிலிருந்தும் எதிர்ச்சொல் வரவில்லை.

நான் பவர்ஹவுஸுக்கு ஓடினேன். லயத்து லைனை இறக்கினேன், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். டர்பைன் முனகிக்கொண்டு சுற்றியது. வோல்டேஜ் எழுந்தது, நின்றது. மேலே பார்த்து, தொண்டை கிழிய, "விஜி! போடுங்க!" என்று கத்தினேன். என்ன பெயர் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை.

மேலே அந்த இரைச்சல் எழும்பியது. ஒற்றை மெஷின்.

நான் ஏறிப் போனபோது கலா சூடான காற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து, பிள்ளையைத் தோலோடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் காற்று நேரே படாதபடி ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். நனைந்த உடுப்போடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாதங்களை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே ஆட்கள் போன் வெளிச்சத்தோடு சும்மா நின்றார்கள். ஒரு மலையின் தண்ணீர் முழுவதும் இந்த ஒரு அறைக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் கனவு மாதிரித்தான் இருக்கிறது, இப்போதும்.

பாதம் முதலில் கல். பிறகு மண். பிறகு... எப்படிச் சொல்வது, மாவு. பிறகு ஒரு விரல் என் விரலை உதைத்தது. அதன்பிறகு அழுதாளே ஒரு அழுகை! மெஷின் இரைச்சலையும் மீறி. கலாவும் அழுதாள், அக்கா அழுதுகொண்டே கலாவைத் திட்டினார்.

வேன் வந்ததும் கலாவும் பிள்ளையும் ஏறினார்கள், நானும் ஏறினேன். இங்கே டொக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "சூடா வச்சிருந்திருக்கீங்க. நல்ல வேல செஞ்சீங்க" என்றார். எதனால் சூடாக வைத்திருந்தோம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

கலாவும் பிள்ளையும் பதுளைக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். நன்றாகப் பால் குடிக்கிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சங்கக் கூட்டம். நான் அளந்ததைச் சொல்ல எழுந்தேன். அதற்குள் விஜேந்திரன் எழுந்துவிட்டார்.

"டீச்சர் சொல்ல வேணாம். நானே சொல்றேன். அன்னைக்கி ராத்திரியே மூணையும் கழட்டிட்டேன். புள்ள பொழச்சது என் மெஷினாலன்னு நாலு பேர் சொல்றாங்க. கரண்டு நின்னதுக்கும் அதுதான் காரணம். ரெண்டையும் சேத்துத்தான் நான் பாக்கணும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாக்கியக்கா மட்டும் அவரையே பார்த்தார். "சரி. உக்காரு. இனி கானுக்கும் டர்பைனுக்கும் ஒரு ஆள் நிரந்தரமா வேணும். சருகு வாரப் போய் இடுப்புவரைக்கும் நனஞ்சவன் வேற யாரும் இங்க இல்ல" என்றார்.

மிச்ச மின்சாரம் கேட்டு வந்தவருக்கு அது நிலைக்கவில்லை, கேட்காத வேலை கிடைத்தது. முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பஸ் நிற்கிற இடம்வரை கூடவே நடந்து வந்தார். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன்.

"கஷ்டமா இருக்கா?"

"இருக்கு." கொஞ்சம் நடந்த பிறகு: "தூக்கம்தான் வருதில்ல. அவ்வளவு அமைதியா இருக்கு."

செப்டெம்பர் 15

இரண்டு மெஷினைப் பண்டாரவளை ஆள் ஒருவர் வந்து எடுத்துப் போனார். மூன்றாவதை விஜேந்திரன் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

ஒக்டோபர் 20

மழை. மழை. மழை. ஓடை கற்களை மறைத்துவிட்டது.

நவம்பர் 16, சனி

இன்று தோட்டத்துக்குப் போனேன். அளக்க ஒன்றும் இல்லை. மீட்டர் மேசையிலேயே இருந்தது.

கலா மலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பிள்ளை பகலில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், மற்றப் பிள்ளைகளோடு ஆயாவின் பார்வையில். அங்கே பின்புறம் விறகு வைக்கிற சின்ன அறையில் அந்த மூன்றாவது மெஷின் ஓடுகிறது. தண்ணீர் நிறைய இருக்கிற நாளில் மட்டும் ஓடலாம் என்று சங்கத் தீர்மானம். பவர்ஹவுஸ் வோல்ட்மீட்டரில் விஜி சிவப்புக் கோடு ஒன்று போட்டிருக்கிறார். முள் அதற்குக் கீழே வந்தால் அவரே நிறுத்திவிடுவார். அது நம்பர் ஏதாவது கண்டுபிடித்ததா என்று கேட்டேன். பார்க்க மறந்துவிட்டதாம்.

மத்தியானம் தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கினார்கள். இடுப்பில் கட்டிய நனைந்த றப்பர் சீட்டு, கூடை, குளிரில் வெளுத்த விரல்கள். ஆயா அலுத்துக்கொண்டார்: "ஒண்ணு கூட எந்திரிக்க மாட்டேங்குது. எழுப்பினா என்னையத்தான் அடிக்குதுக." தாய்மார் சூடேறிய அந்தப் பின்சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள், பிள்ளை தானாக விழிக்கட்டும் என்று. முதலில் ஒருத்தி சுவரில் தலையைச் சாய்த்தாள். பிறகு அடுத்தவள். கலா வாயைத் திறந்துகொண்டே தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் விழித்திருந்தது நானும் வாசலில் நின்ற விஜியும்தான்.

வெளியே கங்காணி வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிற சத்தம். விஜி உதட்டில் விரலை வைத்து அவரை நிறுத்தப் போனார். போகிறவர் திரும்பி, மெதுவாக, "அடுத்த சனியும் வருவீங்களா?" என்றார்.

வருவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்துவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டே மழைக்குள் இறங்கினார். நான் கலாவின் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.